போன் பண்ணிச் சொன்னது யார்?

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். ஆபீசில் ஆணி அதிகம் என்பதால் தள்ளிக்கொண்டே போய்விட்டது.

2016-ல் நடந்தது. இந்த வட மாநிலத்து ஊருக்கு நான் மாற்றலாகி வந்து ஏழாவது மாதம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஊர்ப் பெயரைச் சொன்னால் ஸ்டேஷன் பெயரைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். திருச்சியிலிருந்து கொண்டுவந்த வெள்ளை மாருதி, டிஎன்-45 நம்பர் பிளேட்டோடு. ஊரிலிருந்து வந்த அம்மாவை ரயிலடியில் இறக்கி அழைத்து வந்துகொண்டிருந்தேன். ராத்திரி பத்தரை மணி. பின் சீட்டில் அம்மா, அவர் மடியில் தலைவைத்துத் தூங்கும் பையன்.

பாரிகேட் போட்டு நின்றவர்கள் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார்கள், திருப்பித் தரவில்லை. டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே முறுக்கு டின், ஒரு வருஷத்துக்கான புளி, வடகம். "என்ன சார் விஷயம்?" என்று கேட்டேன். "ஷிகாயத் ஆயி ஹை" என்றார் ஏட்டு. புகார் வந்திருக்கிறதாம். வெளி மாநில நம்பர் போட்ட வெள்ளைக் கார் ஒன்று ஸ்கூட்டர்காரரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது, யாரோ போன் பண்ணிச் சொன்னார்கள். யார் சொன்னது? தெரியாது. எந்த மாநில நம்பர்? அதுவும் தெரியாது.

டார்ச் அடித்து முன் பம்பரைப் பார்த்தார்கள். அங்கே ஒரு கீறல் இருந்தது. தில்லைநகரில் ஒரு துணிக்கடை பார்க்கிங்கில் நானே தூணில் தேய்த்தது. அதை விளக்கிச் சொல்லும் அளவுக்கு அப்போது என் இந்தி வளரவில்லை. நாற்பது நிமிஷம் நின்றோம். பிறகு வயர்லெஸ்ஸில் ஏதோ வந்தது, பேப்பர்களைத் தந்து போகச் சொல்லிவிட்டார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, காசு கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வண்டி கிளம்பியதும் அம்மா கேட்டது ஒன்றுதான். "யாருடா சொன்னது? பேரு கேட்டியா?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எங்கேயோ ஒரு ஸ்கூட்டர்காரர் நிஜமாகவே ரோட்டில் கிடந்திருக்கிறார். அவர் என் தம்பியாக இருந்தால் ஊரில் இருக்கும் அத்தனை வெள்ளைக் காரையும் நிறுத்திப் பாருங்கள் என்றுதான் நானும் கத்தியிருப்பேன். முகம் தெரியாத ஒருவர் போனில் சொன்னதை வைத்து ஒரு வண்டியை நிறுத்தலாமா, கூடாதா? நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுகிறவன். ஆனாலும் கேள்வி உள்ளே புகுந்துகொண்டு விடவில்லை. தேடத் தேட, இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் அமெரிக்கர்கள்தான் என்று தெரிந்தது. காரணம் இருக்கிறது. அங்கே ரோட்டில் போகும் ஒரு தனி வண்டியை நிறுத்தவே போலீஸ் காரணம் சொல்ல வேண்டும். அதனால் கதை அங்கே ஆரம்பிக்கிறது.

அவர்கள் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம், 1791-ல் வந்தது, காரணமில்லாத சோதனையும் பிடித்தலும் கூடாது என்கிறது. கார் என்ற வண்டி அப்போது யார் கனவிலும் இல்லை. காரும் மதுவிலக்கும் சேர்ந்து வந்தபோதுதான் சிக்கல் வந்தது. 1921 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கும் கிராண்ட் ராப்பிட்ஸுக்கும் நடுவில், மதுவிலக்கு அதிகாரிகள் ஒரு ஓல்ட்ஸ்மொபைல் காரை மடக்கினார்கள். சீட்டு மெத்தையைக் கிழித்துப் பார்த்தால் 68 பாட்டில் சரக்கு. கேஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் 1925-ல் தீர்ப்பானது. கரோல் வழக்கு என்பார்கள். வண்டி ஓடிவிடும் என்பதால் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம், ஆனால் வலுவான காரணம் இருக்க வேண்டும், சரக்கு கிடைத்தாலும் கிடைக்கும் என்று வருகிற போகிற வண்டியையெல்லாம் நிறுத்துவது பொறுக்க முடியாதது என்றார் தலைமை நீதிபதி டாஃப்ட். அந்த வழக்கில் அதிகாரிகள் யார் பேச்சையும் நம்பி நிறுத்தவில்லை. இரண்டரை மாதம் முன்பு சரக்கு வாங்குகிற மாதிரி வேஷம் போட்டு அந்த ஆட்களோடு அவர்களே பேரம் பேசியிருந்தார்கள்.

1968-ல் டெர்ரி வழக்கு. கிளீவ்லாண்டில் ஒரு துப்பறியும் போலீஸ்காரர், சர்வீஸில் 39 வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர், இரண்டு பேர் ஒரு கடை ஜன்னலை மாற்றி மாற்றி எட்டிப் பார்ப்பதைக் கவனித்துத் தடவிப் பார்க்கிறார், துப்பாக்கி கிடைக்கிறது. கைது செய்யும் அளவுக்குக் காரணம் இல்லாவிட்டாலும், சொல்லிக் காட்டக்கூடிய நியாயமான சந்தேகம் இருந்தால் கொஞ்ச நேரம் நிறுத்தலாம் என்றது கோர்ட். இங்கேயும் கண்ணால் பார்த்தது போலீஸ்தான். அதே 1968 பிப்ரவரியில்தான் அலபாமாவில் ஹேலிவில் என்ற சின்ன ஊரில் முதல் 911 அழைப்பு அடிக்கப்பட்டது. இரண்டுக்கும் அப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. பின்னால் இரண்டும் ஒரே தீர்ப்பில் வந்து சேர்ந்தன.

பொதுஜனம் உள்ளே வந்தது 1972-ல், ஆடம்ஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கில். கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட், விடியற்காலை இரண்டேகால் மணி. சார்ஜண்ட்டின் வண்டிக்கு ஒருவர் நடந்து வந்து, அதோ அந்தக் காரில் இருப்பவனிடம் போதைப்பொருள் இருக்கிறது, இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்கிறார். சார்ஜண்ட் போய்க் கண்ணாடியைத் தட்டுகிறார். அந்த ஆள் கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்குகிறான். இவர் கையை விட்டு இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிடுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் துப்பாக்கி கண்ணுக்கே தெரியாது. சொன்னவர் பேச்சு ஒன்றுதான் ஆதாரம். போதும் என்றது கோர்ட், ஆறுக்கு மூன்று. ஏன்? சொன்னவர் போலீசுக்குத் தெரிந்தவர், முன்பும் தகவல் சொன்னவர், நேரில் வந்து சொன்னவர். பொய் என்றால் அங்கேயே அவரைப் பிடித்து உள்ளே போட்டிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் எனக்கு அம்மாவின் கேள்வி ஞாபகம் வந்தது. சொன்னது உண்மையா என்பதை நிறுத்தும் நேரத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கோர்ட் அதைக் கேட்கவில்லை. பொய்யாகப் போனால் சொன்னவர் மாட்டுவாரா என்றுதான் பார்க்கிறது. இதற்கப்புறம் வந்த வழக்குகளை எல்லாம் இந்தக் கண்ணாடி போட்டுத்தான் படித்தேன்.

நடுவில் 1979-ல் டெலவேர் எதிர் பிரவுஸ் என்று ஒன்று. ரோந்து போலீஸ்காரர் ஒரு காரை நிறுத்துகிறார், உள்ளே கஞ்சா. ஏன் நிறுத்தினீர்கள் என்றால், அப்போது கையில் புகார் எதுவும் இல்லை, சும்மா இருந்தேன், லைசென்ஸ் பார்க்கலாமே என்று நிறுத்தினேன் என்று கோர்ட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார், நல்ல மனிதர் :-) அப்படித் தோன்றினபடி ஒற்றை வண்டியை நிறுத்தக்கூடாது என்றார்கள், எட்டுக்கு ஒன்று. எல்லா வண்டியையும் வரிசையாக நிறுத்திப் பார்ப்பது வேறு கணக்கு. குடிபோதைச் சோதனைச் சாவடிகளை 1990-ல் அதே கோர்ட் ஒப்புக்கொண்டது.

அதே 1990-ல்தான் பெயர் சொல்லாத போன் வருகிறது. அலபாமா எதிர் வைட். மாண்ட்கோமரி போலீசுக்கு மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு அழைப்பு. ஒரு பெண்ணின் பெயர், அவர் இருக்கும் அடுக்குமாடி, பின்விளக்குக் கண்ணாடி உடைந்த பழுப்பு நிற பிளைமவுத் வண்டி, எந்த நேரத்தில் கிளம்பி எந்த மோட்டலுக்குப் போவார், பழுப்பு நிறப் பெட்டியில் ஒரு அவுன்ஸ் கொக்கெய்ன். போலீஸ் போய் நின்றது. அந்தப் பெண் வந்தார், வெறுங்கையோடு. அந்த வண்டியில் ஏறினார், மோட்டல் பக்கம்தான் ஓட்டினார். மோட்டலுக்குக் கொஞ்சம் முன்னால் மடக்கினார்கள். பெட்டியில் கிடைத்தது கொக்கெய்ன் இல்லை, கஞ்சா. பிறகு ஸ்டேஷனில் அவர் கைப்பையில் மூன்று மில்லிகிராம் கொக்கெய்ன். ஒரு அவுன்ஸ் எங்கே, மூன்று மில்லிகிராம் எங்கே!

ஆறு நீதிபதிகள் இழுபறிதான் என்று சொல்லிக்கொண்டே நிறுத்தியது சரி என்றார்கள். ஒருவர் இனிமேல் என்ன செய்வார் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவருக்கு உள்விவரமும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். ஸ்டீவன்ஸ் மறுத்து எழுதினார். தினம் ஒரே நேரத்தில் கிளம்புபவரின் நடமாட்டம் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதா? மனஸ்தாபம் இருக்கிற யாரும் போன் பண்ணலாமே? அதைவிட, போன் வந்தது என்று போலீஸ்காரரே சொல்லிக்கொள்ளலாமே? எனக்கு ஸ்டீவன்ஸ் கட்சிதான். எங்கள் அடுக்குமாடியில் நான் எத்தனை மணிக்கு ஆபீஸ் கிளம்புகிறேன் என்பது எனக்கு முன்னால் மூன்றாம் மாடி ஆன்ட்டிக்குத் தெரியும்.

பத்து வருஷம் கழித்து கோர்ட்டுக்கே கொஞ்சம் சுருக்கென்றது போல. 2000-ல் ஃபுளோரிடா எதிர் ஜே.எல். வண்டி இல்லாத வழக்கு, ஆனால் விடமுடியாது. மியாமி பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பில் கட்டம் போட்ட சட்டை போட்ட கறுப்பினப் பையனிடம் துப்பாக்கி இருக்கிறது என்று ஒரு போன். பெயர் இல்லை. போனால் அப்படி ஒரு பையன், வயது பதினாறு கூட ஆகவில்லை, பையில் துப்பாக்கி நிஜமாகவே இருந்தது. ஒன்பது பேரும் ஒரே குரலில் நிறுத்தியது தப்பு என்றார்கள். கின்ஸ்பெர்க் எழுதிய தீர்ப்பு. சட்டையை அடையாளம் சொல்வது பெரிய விஷயமா, ரோட்டில் போகிற யாருக்கும் கண் இருக்கிறது. துப்பாக்கி இருக்கிறது என்பது எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டாமா? இல்லாவிட்டால் பிடிக்காதவனை நடுரோட்டில் அவமானப்படுத்த ஒரு போன் போதும். வெள்ளைக் கார், வெளி மாநில நம்பர் என்பதை இதோடு வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று போன் வந்தால்? துப்பாக்கி பையில் சும்மா இருக்கலாம். போதையில் ஓடும் வண்டி சும்மா இருக்காது. வர்ஜீனியாவில் அப்படி ஒரு போனை நம்பி மடக்கியதில் தண்டனை பெற்றவரை, போலீஸ் கண்ணால் எதையும் உறுதி செய்யவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீட்டை 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸுக்கு ஆற்றாமை. குடிகாரனுக்கு ஒரு தடவை இலவசமாகத் தள்ளாடிக்கொள்ள அனுமதி கொடுத்த மாதிரி இருக்கிறதே, அந்த ஒரு தள்ளாட்டத்தில் ஆள் செத்துவிட்டால் என்று தனியாக எழுதிவைத்தார். படித்தபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஸ்கூட்டர்காரர்தான் கண் முன் வந்தார்.

கடைசியில் 2014 ஏப்ரலில் நவரெட் எதிர் கலிஃபோர்னியா. சம்பவம் 2008 ஆகஸ்ட்டில். மெண்டசீனோ கவுண்டி, கடலோர நெடுஞ்சாலை எண் 1. 911-க்கு ஒரு அழைப்பு: வெள்ளி நிற ஃபோர்டு பிக்கப், இன்ன நம்பர், 88-ஆம் மைல் கல் பக்கம், என்னை ரோட்டை விட்டே கீழே இறக்கிவிட்டது, ஐந்து நிமிஷம் ஆகிறது. பதினெட்டு நிமிஷத்துக்குள் 69-ஆம் மைல் கல் பக்கம் போலீஸ் அந்த வண்டியைப் பார்த்துப் பின்தொடர்ந்தது. ஐந்து நிமிஷம் பின்னாலேயே போனார்கள், ஒரு தப்பும் இல்லை, ஒழுங்காகத்தான் ஓட்டினான். இருந்தாலும் நிறுத்தினார்கள். பக்கத்தில் போனதும் கஞ்சா வாடை. பின்னால் 30 பவுண்டு, நம் கணக்கில் பதின்மூன்று கிலோவுக்கு மேல்.

ஐந்துக்கு நான்கு என்று போலீஸ் பக்கம் தீர்ப்பு. தாமஸ் எழுதினார். சொன்னவர் தனக்கு நடந்ததைச் சொல்கிறார், நடந்த சூட்டோடு சொல்கிறார். மூன்றாவதுதான் முக்கியம்: 911-ல் பேச்சு பதிவாகிறது, எண் தெரிகிறது, பொய் சொன்னால் பிடித்துவிடலாம், அது தெரிந்தே பேசுகிறவர் பொய் சொல்லத் தயங்குவார். 1972-ல் பிரிட்ஜ்போர்ட்டில் நேரில் வந்து நின்ற ஆளின் இடத்தில் இப்போது ஒரு மெஷின் நிற்கிறது.

மறுத்து எழுதியவர் ஸ்காலியா. பழமைவாதி என்று பெயர் எடுத்தவர், கூடச் சேர்ந்தவர்கள் கின்ஸ்பெர்க், சோட்டோமேயர், கேகன். கூட்டணியைப் பாருங்கள்! அவர் கேட்டது: எண் தெரியும் என்பது போலீசுக்குத் தெரியும், போன் பண்ணுகிறவருக்குத் தெரியும் என்று யார் சொன்னது? ஒரு தடவை ரோட்டை விட்டு இறக்கினான் என்றால் குடித்திருக்கிறான் என்று அர்த்தமா, ஆடு மாடு குறுக்கே வந்திருக்கக் கூடாதா? ஐந்து நிமிஷம் ஒழுங்காக ஓட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகும் போன்தான் பெரிதா? இனி ரோட்டில் போகிற எல்லாரும், எதிரி ஒருவன் போனை எடுத்தால் ஓரம் கட்டி நிற்க வேண்டியதுதான் என்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த அழைப்பில் பேசியவர் தன் பெயரைச் சொல்லியிருந்தார் என்பது தீர்ப்பின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் அவரும் வரவில்லை, போனை எடுத்தவரும் சாட்சிக்கு வரவில்லை, அதனால் பெயரில்லாத தகவலாகவே வழக்கை நடத்தினார்கள். பெயர் சொல்லியும் பெயரில்லாதவர்.

சரி, நம்மூருக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 130-ஆம் பிரிவைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. பொது இடத்தில் சீருடை போட்ட எந்தப் போலீஸ்காரரும் லைசென்ஸ் கேட்கலாம், காட்ட வேண்டும். காரணம் என்ற பேச்சே இல்லை. பிரவுஸ் வழக்குப் போலீஸ்காரர் இங்கே பிறந்திருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. லைசென்ஸ் பார்க்க நிறுத்தினேன் என்றால் முடிந்தது, புகார் வந்ததா, யார் சொன்னது என்பதெல்லாம் கோர்ட் வாசலுக்கே வராது. நம் ஊரில் இந்தக் கேள்விக்கு வரலாறு ஏன் இவ்வளவு மெலிந்து இருக்கிறது என்பதற்கு என் ஊகம் இதுதான்.

நிறுத்துவதைத் தாண்டினால் சட்டம் கொஞ்சம் விழித்துக்கொள்கிறது. ஆபத்தாக ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது ஆகியவற்றுக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்ய 202-ஆம் பிரிவு, குற்றம் அந்தப் போலீஸ்காரரின் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும் என்கிறது. போன் போதாது. விபத்து என்றால் வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்ல 132-ஆம் பிரிவு, சொல்பவர் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அன்று ராத்திரி அங்கே யார் தோளிலும் இரண்டு நட்சத்திரம் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் ரொம்பக் குதிக்கவும் முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1898-லிருந்தே நியாயமான புகார், நம்பத்தகுந்த தகவல், நியாயமான சந்தேகம் என்ற மூன்றில் ஒன்று இருந்தால் எந்தப் போலீஸ்காரரும் கைதே செய்யலாம் என்று இருக்கிறது. 1973 சட்டத்தில் 41-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் அமலான புதிய சட்டத்தில் 35. நிபந்தனைகள் கூடியிருக்கின்றன, அந்த மூன்று சொற்றொடரும் அப்படியே. இடித்துவிட்டு ஓடியது அதற்குள் வந்துவிடும்.

பெயரில்லாத போனைப் பற்றி நம் உச்ச நீதிமன்றம் 1970-லேயே பேசியிருக்கிறது, தபீந்தர் சிங் வழக்கில். லூதியானா டாக்சி ஸ்டாண்டில் துப்பாக்கிச் சூடு என்று ஒரு போன், பேசியவர் யாரென்று சொல்லவில்லை. போலீஸ் போய்ப் பார்த்தது. அந்தப் போன் முதல் தகவல் அறிக்கை ஆகாது என்றது கோர்ட். முதல் தகவல் என்றால் எழுதி, படித்துக் காட்டி, சொன்னவர் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் தேடிய பதில் அந்த 132-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவிலேயே இருந்தது. யாரும் கண்டுகொள்ளாத இரண்டு வரி. நீ ஆபத்தாக ஓட்டினாய் என்று ஒரு சாதாரண ஆள் குற்றம் சாட்டிக் கேட்டால், ஓட்டுநர் தன் பெயரும் விலாசமும் கொடுத்தாக வேண்டும். ஆனால் கேட்பவர் முதலில் தன் பெயரையும் விலாசத்தையும் கொடுக்க வேண்டும். ஸ்டீவன்ஸும் ஸ்காலியாவும் பக்கம் பக்கமாக எழுதியதை நம் சட்டம் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதத்தானே நானும் கேட்டேன்" என்றார்.

இதை எழுதாமல் தள்ளிப் போட்டதற்கு ஆணி மட்டும் காரணமில்லை. 2022-ல் ஒரு விடியற்காலை, ஆபீஸ் வேலையாக நெடுஞ்சாலையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு லாரி, இடமும் வலமுமாக அலைந்துகொண்டு. ஒரு பைக்காரர் மண்ணில் இறங்கித் தப்பினார். கிட்டப் போனேன். டிஎன்-28. நாமக்கல் வண்டி. ஹாரன் அடித்தேன், பக்கத்தில் போய்த் தமிழில் கத்தினேன், கேட்டிருக்காது. எத்தனை ராத்திரி தூங்காமல் வருகிறாரோ. நம்ம ஊர் ஆள், வெளி மாநில நம்பர், போலீஸ் பிடித்தால் என்ன பாடு என்பது எனக்குத் தெரியாதா? அந்தப் பைக்காரரும் கண்ணில் நின்றார். 112 அடித்தேன். எடுத்த பெண் இடம், வண்டி எண் எல்லாம் கேட்டுவிட்டு, "ஆப்கா நாம்?" என்றார். ஒரு நிமிஷம் கட் பண்ணிவிடலாமா என்று கை போனது. சொன்னேன். தமிழ்ப் பெயர் அவருக்குப் புரியவில்லை, எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

டீ குடிக்க நின்றுவிட்டுக் கிளம்பினேன். இருபது கிலோமீட்டர் தாண்டி டோல்கேட் பக்கத்தில் அந்த லாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர், கையில் பேப்பர் கட்டோடு, கேபினிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தவில்லை.